நாய்க்கு சுகர் வந்தால் என்ன சாப்பாடு போடுவது? ஷிப்ட் வேலைக்கு நடுவே ஊசியும் உணவும்: முழு விளக்கம்

"நல்லாதான் சாப்பிடுது டாக்டர். முன்னைவிட அதிகமாவே சாப்பிடுது. ஆனா உடம்பு மட்டும் மெலிஞ்சுக்கிட்டே போகுது."

கால்நடை மருத்துவரிடம் இப்படி ஒருவர் சொன்னால், அடுத்து அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "தண்ணி எவ்வளவு குடிக்குது?" வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர், அடிக்கடி சிறுநீர், தீராத பசி, இருந்தும் எடைக் குறைவு. இந்த நான்கும் ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் சர்க்கரை அளவு. ஆமாம், நாய்க்கும் சுகர் வரும்.

வந்துவிட்டால் இரண்டு விஷயங்கள் வாழ்நாள் முழுக்கத் தொடரும். ஒன்று ஊசி, இன்னொன்று நேரம் தவறாத சாப்பாடு. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை என்று ஷிப்ட் கணக்கில் ஓடும் வீடுகளுக்கு, ஊசி போடுவதைவிடப் பெரிய சவால் இந்த நேரம்தான். என்ன போடலாம், எவ்வளவு போடலாம், எப்போது போடலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாய்க்கு வரும் சுகர், நமக்கு வரும் சுகர்: இரண்டும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. கணையம் இன்சுலினைச் சுரக்கும், ஆனால் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. அதனால் மாத்திரை, நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம்.

நாய்களுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகையைப் போன்றது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. இல்லாத இன்சுலினை மாத்திரையால் சுரக்க வைக்க முடியாது. வெளியிலிருந்து ஊசியாகத்தான் கொடுக்க வேண்டும். தாத்தாவுக்கு வாங்கிய சுகர் மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குக் கொடுப்பது பயன் தராது, ஆபத்தும் கூட.

அரிசியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும், பாகற்காய் சாறு கொடுத்தால் இறங்கிவிடும், வெந்தயம் போதும் என்ற யோசனைகளுக்கும் இதே பதில்தான். உணவு இன்சுலினுக்குத் துணை நிற்கும். இன்சுலின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க: பூனைக்கு வரும் சுகர் நம் இரண்டாம் வகையைப் போன்றது. மாவுச்சத்து குறைந்த உணவாலும் சிகிச்சையாலும் சில பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. அந்தக் கதையைப் படித்துவிட்டு நாய்க்கு ஊசியை நிறுத்தக் கூடாது.

இன்சுலினுக்கும் நாய்க்கும் பழைய உறவு

இன்றைக்கு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான மனிதர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின், நாய்களின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது.

1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, யோசப் ஃபொன் மெரிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தபோது சிறுநீரில் சர்க்கரை இருந்தது. சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் உறுதியானது.

1921-ல் கனடாவின் டொராண்டோவில் பிரெடரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்து, கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்குச் செலுத்தினார்கள். 'மார்ஜரி' என்று அழைக்கப்பட்ட நாய் அந்த ஊசியால் பல வாரங்கள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே நோபல் பரிசு.

இன்னொரு செய்தியும் உண்டு. பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அமைப்பில் ஒன்றேதான். மனித இன்சுலின் இவற்றிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில் மட்டும் மாறுபடுகிறது. நாய்களுக்கென்று விற்கப்படும் இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதும், அது கிடைக்காத இடங்களில் மனிதர்களுக்கான இன்சுலினையே மருத்துவர்கள் நாய்க்கு எழுதிக் கொடுப்பதும் இதனால்தான்.

யாருக்கு வரும்?

நடுவயதைத் தாண்டிய நாய்களுக்குத்தான் அதிகம். எந்த இனத்துக்கும் வரலாம், நாட்டு நாய்க்கும் வரலாம். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை மூன்று.

கருத்தடை செய்யாத பெண் நாய்கள். பருவத்துக்கு வந்து போன பிறகு சில வாரங்களுக்குப் பெண் நாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது வளர்ச்சி ஹார்மோனையும் கூட்டி, இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டறிந்து கருத்தடை அறுவைசிகிச்சை செய்தால், சில நாய்களுக்கு சுகர் விலகிவிடவும் வாய்ப்புண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். "பாவம், எதுக்கு ஆபரேஷன்" என்று தள்ளிப்போடும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து. அரிப்புக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பதும் சுகரைத் தூண்டிவிடலாம்.

கணைய அழற்சி. எண்ணெயில் பொரித்த சாப்பாடும் கொழுப்பு நிறைந்த இறைச்சிக் கழிவும் கணையத்தைப் புண்ணாக்கக்கூடும். திரும்பத் திரும்ப அழற்சி வந்தால் இன்சுலின் சுரக்கும் செல்களும் அழியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நாயின் ரத்தச் சர்க்கரை பொதுவாக 80 முதல் 120 மி.கி. வரை இருக்கும். சுமார் 200 மி.கி.-ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் சர்க்கரை சிறுநீரில் வழியத் தொடங்கும். அது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அதனால் தாகம். செல்களுக்குச் சர்க்கரை போய்ச் சேராததால் பசி. உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் சமாளிப்பதால் மெலிவு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலையில் கிண்ணத்தில் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாள் காலை மீதியை அளந்து பாருங்கள். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மி.லி.க்கு மேல் குடித்தால் அது அதிகம். அதாவது 10 கிலோ நாய் ஒரே நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மே மாத வெயிலில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் ஐப்பசி மழையிலும் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தால் வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

சரி, என்ன சாப்பாடு போடுவது?

நாய்க்கு என்ன போடுகிறோம் என்பது முக்கியம். அதைவிட முக்கியம், தினமும் ஒரே மாதிரி போடுகிறோமா என்பது.

காரணம் எளிது. நம் உடலில் கணையம், சாப்பிட்டதற்கு ஏற்ப இன்சுலினைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஊசிக்கு அந்த அறிவு கிடையாது. இன்றைக்கு 6 யூனிட் போட்டால் 6 யூனிட்டுக்கான வேலையை அது செய்தே தீரும். தட்டில் சாப்பாடு குறைவாக இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். கூடுதலாக இருந்தால் ஏறும். ஆகவே ஊசியின் அளவு மாறாதவரை, சாப்பாட்டின் அளவும் வகையும் மாறக் கூடாது.

எவ்வளவு? 10 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கலோரி தேவை. வீட்டில் சாதாரணமாக நடமாடும் நாய்க்கு 550 முதல் 630 வரை ஆகலாம். ஏற்கெனவே மெலிந்துபோன நாய்க்குக் கூடுதலாகவும், குண்டான நாய்க்குக் குறைவாகவும் மருத்துவர் கணக்குப் போட்டுத் தருவார். அதை இரண்டு சம பாகமாகப் பிரித்து, 12 மணி நேர இடைவெளியில், ஊசி போடும் நேரத்தை ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

தயிர்சாதம் போதுமா?

நம் ஊரில் பல வீடுகளில் நாய்க்குத் தயிர்சாதம்தான். 300 கலோரி கொண்ட ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்போம்.

முதல் தட்டு: 200 கிராம் சாதம், 60 கிராம் தயிர். மாவுச்சத்து சுமார் 59 கிராம். புரதம் 8 கிராமுக்கும் குறைவு.

இரண்டாவது தட்டு: 100 கிராம் சாதம், தோலும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 80 கிராம், வேகவைத்த பீன்ஸ் அல்லது பூசணி 50 கிராம், அரை டீஸ்பூன் எண்ணெய். மாவுச்சத்து சுமார் 31 கிராம். புரதம் 28 கிராம் வரை.

கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் தட்டில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இரு மடங்கு, தசையைக் காப்பாற்றும் புரதமோ நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம்தான் மேல். சுகரால் தசை கரைந்துகொண்டிருக்கும் நாய்க்கு இரண்டாவது தட்டுதான் பொருத்தம். ரேஷன் அரிசியா பொன்னியா என்பது இங்கே பிரச்சினை இல்லை. சாதத்தையே தொடக் கூடாது என்பதும் இல்லை. அளந்து, தினமும் ஒரே அளவில் வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டாவது தட்டு, அளவைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. வீட்டுச் சமையலில் கால்சியம் உள்ளிட்ட தாதுக்களும் வைட்டமின்களும் போதிய அளவு இருக்காது. மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடுதான் என்றால், எதைச் சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் உலர் உணவு என்றால் இந்தக் கவலை குறைவு. சுகர் நாய்களுக்கென்று நார்ச்சத்து கூடுதலான உணவும் கிடைக்கிறது. நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும். ஆனால் அந்த உணவில் பெரும்பாலும் கலோரி குறைவு. எலும்பும் தோலுமாக இருக்கும் நாய்க்கு அதை உடனே ஆரம்பித்தால் இன்னும் மெலியும்.

கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் பற்றியும் ஒரு வார்த்தை. "சிறுதானியம் சுகருக்கு நல்லது" என்று நாய்க்கும் கூழ் ஊற்றுகிறார்கள். அரைத்துக் கரைத்த கூழும் மாவுச்சத்துதான். மோர் ஊற்றிய கூழில் புரதமும் குறைவு. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சாதத்துக்குப் பதிலாக, அளந்து. சாதத்தோடு கூடுதலாக அல்ல.

நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தால் என்ன?

"ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்" என்று வீட்டில் நான்கு பேரும் தனித்தனியாகச் சொன்னால், நாய் சாப்பிட்டது நான்கு.

குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமுக்குச் சுமார் 450 கலோரி. ஏறக்குறைய கால்வாசி சர்க்கரை. சின்ன பிஸ்கட் ஒன்றில் 20-லிருந்து 25 கலோரி வரை இருக்கும். நான்கு பிஸ்கட் என்றால் 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு, அதுவும் ஊசிக் கணக்கில் சேராத நேரத்தில்.

தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். வேகவைத்த கோழித் துண்டு, பீன்ஸ், வெள்ளரிக்காய், கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு போதும். அதையும் ஊசி போடும் வேளையிலேயே கொடுத்துவிட்டால் நல்லது.

எதைப் போடவே கூடாது?

'சுகர்-ஃப்ரீ' பண்டங்கள். சுகர் உள்ள நாய்க்கு சுகர்-ஃப்ரீ மிட்டாய்தானே சரி என்று தோன்றும். பெரிய ஆபத்து இது. சில சுகர்-ஃப்ரீ சூயிங்கம், மிட்டாய், வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கப்படுகிறது. மனிதர்களுக்குச் சிக்கல் இல்லை. நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே தள்ளிவிடும், கல்லீரலையும் செயலிழக்கச் செய்யலாம். எந்த நாய்க்கும் கூடாது.

வெங்காயம், பூண்டு. இவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மீன்குழம்பு, கறிக்குழம்பு, சாம்பார் எல்லாவற்றிலும் இவை உண்டு. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம்.

திராட்சை, உலர்திராட்சை. சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல் மிச்சத்தில் இது ஒளிந்திருக்கும்.

சாக்லேட், பொரித்த கறி, தோல், கொழுப்புக் கழிவு, சமைத்த கோழி எலும்பு. கடைசியில் உள்ளது குத்தும், மற்றவை கணையத்துக்கும் இதயத்துக்கும் கெடுதல்.

12 மணி நேரக் கணக்கும் மூன்று ஷிப்டும்

ஊசியும் சாப்பாடும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கேட்க எளிது. 6-2, 2-10, 10-6 என்று வாரம் மாறும் ஷிப்டில் இருப்பவர் இதைத் தனியாகச் செய்ய முடியுமா? வீட்டிலிருந்து வேலைக்குப் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

காலை 6 முதல் பகல் 2 வரை: வீட்டில் இருப்பது பிற்பகல் 3 முதல் அதிகாலை 5 வரை. சரிப்படும் நேரம் மாலை 4, அதிகாலை 4.

பகல் 2 முதல் இரவு 10 வரை: வீட்டில் இருப்பது இரவு 11 முதல் மறுநாள் பகல் 1 வரை. சரிப்படும் நேரம் நள்ளிரவு 12, பகல் 12.

இரவு 10 முதல் காலை 6 வரை: வீட்டில் இருப்பது காலை 7 முதல் இரவு 9 வரை. சரிப்படும் நேரம் காலை 8, இரவு 8.

மூன்று ஷிப்டுக்கும் பொதுவான ஒரு ஜோடி நேரம் கிடையாது. கம்பெனி வாசலிலேயே வீடு இருந்தாலும் கிடையாது. ஆக, மூன்று ஷிப்ட் பார்க்கும் ஒருவரால் தனி ஆளாக இதைச் செய்ய முடியாது. இது அவருடைய அக்கறைக் குறைவு அல்ல, கடிகாரக் கணக்கு. வாரத்துக்கு வாரம் ஊசி நேரத்தை நான்கு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று தள்ளுவதும் தீர்வாகாது.

செய்யக்கூடியது இன்னொரு ஆளைப் பழக்குவது. அம்மா, தங்கை, ரூம்மேட், பக்கத்து வீட்டு அக்கா, யாராவது ஒருவர். ஊசி மிகச் சிறியது. முதுகுப்பக்கத் தளர்ந்த தோலை விரல்களால் தூக்கிப் பிடித்து அடியில் போட வேண்டும். பெரும்பாலான நாய்கள் சாப்பாட்டு வாசனையில் ஊசியைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தால் பலருக்கும் கை பழகிவிடும்.

ஜெனரல் ஷிப்டில் இருப்பவர்களுக்கும், மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் வருபவர்களுக்கும் காலை 7, இரவு 7 போன்ற நேரம் ஒத்துவரும். ரயில் தாமதமாகி ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பதற்றப்பட வேண்டாம். ஒரு வேளை முழுதாகத் தவறிவிட்டால், அடுத்த வேளையில் இரண்டு மடங்காகப் போடக் கூடாது. ஒரு ஊசி தவறினால் சர்க்கரை அன்றைக்கு ஏறும். இரட்டை ஊசி போட்டால் உயிரே போகலாம்.

"அவர் போட்டிருப்பார்", "இவள் போட்டிருப்பாள்" என்ற குழப்பமும் இரட்டை ஊசியில்தான் முடியும். பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் உடனே டிக் அடிப்பது நல்லது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டாலும் சரி. டிக் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாமல் விடுவதே பாதுகாப்பு.

முதலில் சாப்பாடா, ஊசியா?

சாப்பாடு வைத்து, அது சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி. வழக்கம்போல் முழுதும் சாப்பிட்டால் வழக்கமான அளவு. பாதிதான் சாப்பிட்டது, முகர்ந்துவிட்டுப் போய்விட்டது, வாந்தி எடுத்துவிட்டது என்றால் முழு ஊசி போடக் கூடாது. மருத்துவருக்கு போன் செய்து கேளுங்கள். "பாதி சாப்பிட்டா எவ்வளவு போடணும், சாப்பிடவே இல்லைன்னா என்ன பண்ணணும்" என்பதை முதல் நாளே எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இரவு 8 மணிக்குத் தவிக்க வேண்டாம்.

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மி.லி.க்கு 40 யூனிட், ஒரு மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி யு-40க்கு, ஆரஞ்சு மூடி யு-100க்கு.

மாறிவிட்டால் என்ன ஆகும்? 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது 25 யூனிட். இரண்டரை மடங்கு. ஒரு சிறிய நாய்க்கு அது உயிருக்கே ஆபத்தான அளவு. மாறாக 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் 4 யூனிட்தான் போகும். மருந்தே வேலை செய்யாதது போல் தோன்றும்.

மருந்துக்கடையில் "சுகர் ஊசி குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். குப்பியில் எத்தனை யூனிட் என்று படித்து, அதற்கான சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். வேறு ஆள் வாங்கி வந்தால் இன்னொரு முறை பாருங்கள்.

இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்தால் வீணாகிவிடும். திருத்தணி பக்கமெல்லாம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். பைக் பெட்டியில் ஒரு மதியம் கிடந்த குப்பியை நம்ப முடியாது. ஊருக்குப் போகும்போது ஐஸ்பேக் வைத்த சிறு பெட்டியில், ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி எடுத்துப் போங்கள்.

ஆடியில் குடும்பமே பெரியபாளையம் போகிறது, பொங்கலுக்குச் சொந்த ஊர், நடுவில் இரண்டு கல்யாணம். அன்றைக்கெல்லாம் ஊசியும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதை டிக்கெட் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

எப்போது அவசரம்?

சர்க்கரை மிகவும் குறைந்தால்: தள்ளாட்டம், நடுக்கம், சோர்வு, திடீர்ப் பசி, ஆளை அடையாளம் தெரியாத பார்வை, வலிப்பு. நாய் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். இல்லையென்றால் தேன், குளுக்கோஸ் பவுடர் குழைத்தது, சர்க்கரைப் பாகு, எது கைக்குக் கிடைக்கிறதோ அதை ஈறில் தடவுங்கள். வாயில் தண்ணீராக ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பில் இருக்கும்போது பற்களுக்கு நடுவே விரல் விடாதீர்கள். தெளிந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், திரும்பவும் இறங்கலாம்.

சர்க்கரை மிகவும் ஏறி முற்றினால்: சாப்பிட மறுப்பு, வாந்தி, அசையாமல் படுத்திருப்பது, மூச்சில் அழுகிய பழம் அல்லது நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற வாசனை. இது கீட்டோ அசிடோசிஸ். வீட்டில் சமாளிக்க முடியாது. சலைனும் தொடர் கண்காணிப்பும் தேவை.

அவசரத்துக்கு எங்கே போவது, இரவில் அங்கே யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில். கும்மிடிப்பூண்டியிலிருந்து வருபவர்களுக்கு ஜி.என்.டி. சாலையிலேயே மாதவரம் வந்துவிடும். ஆனாலும் நீண்ட பயணம். அதனால் ஊரில் ஒரு கால்நடை மருத்துவருடைய எண் போனில் இருப்பது அவசியம்.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு நோட்டு போதும். தினமும் சாப்பிட்ட அளவு, குடித்த தண்ணீர், ஊசி போட்ட நேரம். வாரம் ஒருமுறை எடை. நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். தண்ணீர் குறைந்து, எடை நிலைத்து, நாய் பழைய சுறுசுறுப்புக்கு வந்தால் சிகிச்சை சரியாகப் போகிறது என்று பொருள்.

தாத்தாவின் குளுக்கோமீட்டரில் நாயின் ரத்தத்தைச் சோதிக்கலாமா? மனிதர்களுக்கான கருவி நாய்க்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். போக்கைப் பார்க்க உதவும், ஆனால் அந்த எண்ணை வைத்து நீங்களாகவே ஊசி அளவை மாற்றக் கூடாது. அளவை முடிவு செய்ய, ஒரு நாள் முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்து மருத்துவர் வரைபடம் போடுவார். ஆரம்பத்தில் சரியான அளவு பிடிபடச் சில வாரங்கள், சில நேரம் ஓரிரு மாதங்கள் ஆகும். அதற்குள் "ஊசி வேலை செய்யலை" என்று விட்டுவிடக் கூடாது.

கம்பெனி கேட்டில் இருக்கும் நாய்க்கு வந்தால்?

தொழிற்பேட்டைகளில் கேட்டுக்கு ஒரு நாய் இருக்கும். செக்யூரிட்டி காலையில் இட்லி போடுவார், கேன்டீனில் மதியச் சோறு, டீக்கடையில் பன், லாரி டிரைவரிடம் பரோட்டா. இத்தனை கைகள் ஊட்டும் நாய்க்கு இன்சுலின் போடுவது ஆபத்து. எப்போது எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது.

அந்த நாயைக் காப்பாற்ற ஒரே வழி, யாராவது ஒருவர் அதைத் தன் வீட்டு நாயாக ஏற்றுக்கொள்வதுதான். இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு அடைத்த இடம், இரண்டே வேளை, பொறுப்புள்ள இரண்டு பேர். பெண் நாய் என்றால் கருத்தடைக்குக் கொண்டுபோவது நோய் வருவதற்கு முன்பே செய்யக்கூடிய உதவி.

எத்தனை நாள் இருக்கும்?

முதல் சில மாதங்கள்தான் கடினம். அதைத் தாண்டிய பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் கண்ணைப் பற்றி முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சுகர் வந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு ஆறு மாதத்துக்குள்ளும், முக்கால்வாசிக்கு ஓராண்டு வாக்கிலும் கண்புரை வந்துவிடுகிறது. அறுவைசிகிச்சையால் சரிசெய்யலாம். அந்த வசதி இல்லையென்றாலும், பார்வை போன நாய் மோப்பத்தாலும் பழக்கத்தாலும் வீட்டுக்குள் சமாளித்துக்கொள்ளும். கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றாதீர்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் அதே மூலையில் வையுங்கள். கிட்டே போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி போங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

சமையலறைக்கு ஒரு டிஜிட்டல் தராசு. ஆளுக்கு ஆள் கைப்பிடி மாறும், கிராம் மாறாது.

பிரிட்ஜ் கதவில் டிக் அடிக்க ஒரு தாள்.

ஊசி போடத் தெரிந்த இரண்டாவது ஆள்.

அலமாரியில் ஒரு சிறு பாட்டில் தேன், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டு அளவும் ஊசி அளவும், வீட்டில் எல்லோருடைய போனிலும் ஒரு போட்டோவாக.